பணம் போடுமுன் டல் சீசனை நினை!



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எல்லோரையும் போல நானும் 'நட்பு', 'தன்னம்பிக்கை', 'அன்னையின் அருமை' என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதே வாரத்தில் எங்கள் வகுப்பில் நடந்த ஒரு விஷயம் என் பேனாவை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம். செமஸ்டர் ஃபீஸ் கட்ட வீட்டில் வாங்கி வந்த ஒன்பதாயிரம் ரூபாயைச் செல்போனில் 'ஆப்ஷன்' வாங்கப் போட்டான். காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறந்தது. மத்தியானம் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது ஆறாயிரம் போயிருந்தது. சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் மீதியும் போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், "லாங் டெர்ம்ல எல்லாம் ஏறிரும்டா மாப்ளே, பயந்தவன்தான் தோப்பான்" என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவனே அவன்தான்!

அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவன் அப்பாவும் என் அப்பாவும் பவர்டேபிளில் உட்கார்ந்து தைப்பவர்கள். அவன் சொன்ன இரண்டு வார்த்தைகளோடுதான் எனக்குச் சண்டை. ஒன்று 'லாங் டெர்ம்'. இன்னொன்று 'பயம்'. வேறு ஊர்க்காரனுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், பனியன் ஊரில் வளர்ந்த நமக்கு இந்த இரண்டுக்கும் சரியான அர்த்தம் தெரிந்திருக்க வேண்டாமா?

சந்தைக்கும் சீசன் உண்டு

நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை 'சீசன்'. ஆர்டர் குவிந்தால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி உண்டு. ஆர்டர் இல்லாவிட்டால் 'டல்'. "எப்படிங்க வேலை?" "டல்லுங்க." அவ்வளவுதான் பேச்சு. டல் வந்தால் உலகம் அழிந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. பிஸி வந்தால் இப்படியே இருக்கும் என்று நினைத்துக் கடனுக்கு மெஷின் எடுத்தவர்கள் பட்டதை எல்லாத் தெருவிலும் கேட்கலாம்.

நூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சின் விலை 2022 மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் அந்த மே மாதம் திருப்பூரில் இரண்டு நாள் கதவடைப்பே நடந்தது. ஆனால் அந்த வருடம் முடிவதற்குள் பஞ்சு விலை நன்றாக இறங்கிவிட்டது. இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று உச்சத்தில் வாங்கி அடுக்கியவர் நிலைமை என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பங்குச்சந்தையும் இதே கதைதான். மும்பைச் சந்தையின் சென்செக்ஸ் 1992 ஏப்ரல் 22-ல் 4,467 புள்ளியில் நின்றது. ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெளியே வந்தது, சரிந்தது. பதினோரு வருடம் கழித்து, 2003 ஏப்ரலில் அதே சென்செக்ஸ் 3,000-ஐ ஒட்டிக் கிடந்தது. இடையில் 2000-ல் ஒரு தடவை கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகளின் வேகத்தில் மேலே போய்விட்டு மறுபடி விழுந்ததுதான் மிச்சம். 1992-ன் உச்சியில் பணம் போட்டவருக்குப் பதினோரு வருடம் 'லாங் டெர்ம்' இல்லையா? அவரிடம் போய் "லாங் டெர்ம்ல எல்லாம் ஏறிரும்" என்று சொல்லிப் பாருங்கள்!

அடுத்து 2008. ஜனவரி 8-ல் 20,873. அமெரிக்காவில் வீட்டுக்கடன் வியாபாரம் நொறுங்கி, லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கியே திவாலாகி, 2009 மார்ச் 9-ல் 8,160. நூறு ரூபாய் முப்பத்தொன்பது ரூபாய் ஆனது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. நூறு, முப்பத்தொன்பது ஆவதற்கு 61 சதவீத இறக்கம் போதும். முப்பத்தொன்பது மறுபடி நூறு ஆக வேண்டுமானால் 156 சதவீதம் ஏற வேண்டும். இறங்குகிற படியும் ஏறுகிற படியும் ஒன்றல்ல.

ஆனாலும் ஏறியது. 2010 நவம்பரில் சென்செக்ஸ் பழைய உச்சியைத் தொட்டுவிட்டது. பிறகு கொரோனா. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளி, அதாவது 13 சதவீதம், இறங்கி 25,981-ல் முடிந்தது. பத்தே மாதத்தில், 2021 ஜனவரியில், 50,000-ஐத் தொட்டது.

ஒரு இறக்கம் சரியாகப் பதினோரு வருடம். ஒன்று மூன்று வருடத்துக்குள். ஒன்று ஒரு வருடத்துக்குள். எது எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்கிறவன் ஜோசியக்காரன். வரும் என்பது மட்டும் நிச்சயம். அப்படியானால் நாம் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது ஏறும்?" என்பதல்ல. "ஏறும் வரை என்னால் சும்மா இருக்க முடியுமா?" என்பதுதான்.

ஒரே வாரம், ஒரே பணம், இரண்டு பேர்

இதை எனக்குப் புரிய வைத்தது என் தாய்மாமா கதை. அப்போது எனக்கு இரண்டு வயது. அம்மா சொல்லித்தான் தெரியும்.

மாமா எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்தி வந்தார். 2007 டிசம்பரில் எல்லோரும் போடுகிறார்கள் என்று இரண்டு லட்சம் ரூபாயை ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போட்டார். அதே வாரம், அதே ஏஜெண்டிடம், அதே ஃபண்டில், நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு ஓனரும் இரண்டு லட்சம் போட்டார்.

2008 அக்டோபர். தீபாவளி வருகிறது. வெளிநாட்டு ஆர்டர் படுத்துவிட்டது. மாமாவுக்கு வர வேண்டிய பில் வரவில்லை. தீபாவளிக்குப் போனஸ் கொடுக்காமல் நம் ஊரில் யாராவது யூனிட்டைத் திறந்து வைக்க முடியுமா? மாமா ஃபண்டை விற்றார். கைக்கு வந்தது எண்பத்தேழாயிரம். அந்தத் தீபாவளியை ஒட்டித்தான் சென்செக்ஸ் 8,000-க்கும் கீழே போனது. அதாவது விற்கக் கூடாத நேரங்களிலேயே மிக மோசமான நேரத்தில் விற்றார்.

லைன் வீட்டு ஓனர் விற்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் போட்ட பணம் கொஞ்சம் வட்டியோடு நின்றது. பிற்பாடு அது பல மடங்கு ஆனது.

ஊரே என்ன சொன்னது தெரியுமா? "ஓனர் தைரியசாலி, உன் தம்பி பயந்தாங்கொள்ளி" என்று அம்மாவிடமே சொன்னார்களாம். போன வருடம் நான் ஓனரிடமே கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "தைரியமாவது ஒண்ணாவது தம்பி! பத்து வீட்டு வாடகை மாசாமாசம் வந்துட்டிருந்துச்சு. அந்தப் பணம் எனக்கு வேண்டியிருக்கல. அதனால சும்மா இருந்தேன்."

அம்மா சொன்னதும் அதேதான். "உங்க மாமன் பயந்து விக்கலை கண்ணு. பதினஞ்சு பேருக்குப் போனஸ் குடுக்கோணுமல்ல, அதுக்கு வித்தான்."

நண்பர்களே, புத்தகங்களில் 'ரிஸ்க் தாங்கும் திறன்' என்று எழுதுகிறார்கள். அதைத் துணிச்சல் என்று நாம் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். பயப்படாதவன் தாங்குவான், பயப்படுகிறவன் தாங்கமாட்டான் என்று நினைக்கிறோம். உண்மை வேறு. துணிச்சல் மனதில் இருக்கிறது. தாங்கும் சக்தி வீட்டு அரிசிப் பானையிலும் வாடகைக் கணக்கிலும் இருக்கிறது. மாமாவுக்குத் துணிச்சல் இல்லாமலா கடனுக்கு எட்டு மெஷின் போட்டார்? அவரிடம் இல்லாதது ஆறு மாதச் செலவுக்கான கைப்பணம்!

நம் சம்பளமும் ஒரு பங்குதான்

இப்போது நமக்கு மட்டுமே உரிய விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் அரசாங்க வேலையில் இருக்கிற ஒருவருக்குச் சந்தை விழுந்தாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். அவர் தாங்குவார். நமக்கு? அமெரிக்காவில் கடை ஓடாவிட்டால் அங்கே பங்கு விழும். இங்கே நம் ஆர்டரும் விழும். 2008-ல் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. 2020-லும் சேர்ந்தே விழுந்தன.

2020 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கம்பெனி மூடிக் கிடந்தது. சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும்தான் அந்த ஏப்ரலில் வீட்டுக்கு வந்தவை. "அந்த மார்ச்சில் வாங்கியவன் இன்று ராஜா" என்று இப்போது வீடியோவில் பேசுகிறார்கள். சரிதான்! அந்த மார்ச்சில் வாங்குவதற்கு யார் கையில் பணம் இருந்தது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

சில சமயம் சந்தை நன்றாகவே இருக்கும், நமக்கு மட்டும் டல் வரும். 2011 ஜனவரியில் நொய்யலில் சாயக்கழிவு கலப்பது சம்பந்தமாக உயர் நீதிமன்ற உத்தரவு வந்து சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நதியைக் கெடுத்ததற்கு விலை கொடுத்தே ஆகவேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மும்பையில் அதனால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. 2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா போட்ட வரி 50 சதவீதமாக உயர்ந்தது. அந்த வாரம் சென்செக்ஸ் 80,000-ஐ ஒட்டியே நின்றது. எங்கள் தெருவில் ஓவர்டைம் நின்றது.

ஆகவே நம் வீட்டுக்கு வரும் சம்பளமே பனியன் தொழிலில் வாங்கிய ஒரு பங்கு மாதிரி. கேட்காமலே வாங்கியிருக்கிறோம். விற்கவும் முடியாது. ஏற்கெனவே இவ்வளவு ரிஸ்க் தலைமேல் இருக்கும்போது, சேமிப்பையும் கொண்டுபோய் ஒரு ஜவுளிக் கம்பெனிப் பங்கிலோ நண்பன் யூனிட்டிலோ முழுவதுமாகப் போட்டால், ஒரே கொம்பில் எல்லாச் சட்டியையும் மாட்டிய கதைதான்.

மாதம் ஆயிரம் ரூபாய்

மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு, இறக்கமே உனக்கு லாபம் என்கிறார்கள். பொய்யல்ல. முதல் மாதம் ஒரு யூனிட் நூறு ரூபாய். ஆயிரம் போட்டால் பத்து யூனிட். அடுத்த மாதம் விலை ஐம்பது. அதே ஆயிரத்துக்கு இருபது யூனிட். மூன்றாம் மாதம் மறுபடி நூறு. பத்து யூனிட். போட்டது மூவாயிரம், கையில் நாற்பது யூனிட், மதிப்பு நாலாயிரம். விலை இருந்த இடத்துக்கே வந்ததில் ஆயிரம் ரூபாய் லாபம்!

ஆனால் இந்த லாபம் முழுக்க எங்கிருந்து வந்தது? நடு மாதத்தில் போட்ட அந்த ஆயிரத்திலிருந்து. அந்த நடு மாதம்தான் ஊரில் டல். அந்த மாதம் ஆயிரம் ரூபாய் கட்ட முடியாதவனுக்கு இந்தக் கணக்கு முழுவதும் வீண். அதற்கும் மேலாக, அந்த மாதம் இருந்த பத்து யூனிட்டையும் ஐம்பதுக்கு விற்கிறவனுக்கு நஷ்டம். என் மாமா அதைத்தான் செய்தார்.

அதனால் என் கருத்து இது: நமக்கெல்லாம் முதல் முதலீடு பங்கு அல்ல. டல் சீசன் பணம். வேலைக்குப் போனதும் முதலில் ஆறு மாத வீட்டுச் செலவைத் தபால் ஆபீஸிலோ வங்கியிலோ சேர்க்க வேண்டும். அது பெரிதாக வளராது, வளரவும் வேண்டாம். அதன் வேலை, மற்றப் பணத்தை விற்காமல் காப்பாற்றுவது. லைன் வீட்டு ஓனருக்கு வாடகை செய்த வேலையை நமக்கு அது செய்யும்.

இரண்டாவது பி.எஃப். நம் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனியும் தன் பங்குக்குப் போடுகிறது. 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி கொடுத்தார்கள். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கம்பெனி மாறும்போதெல்லாம் அதை எடுத்து வண்டிக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். முப்பது வருடம் கிடக்க வேண்டிய பணம் மூன்று வருடத்தில் பெட்ரோலாகப் போகிறது.

இவை இரண்டும் ஆன பிறகு, ஏழு, பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணம் கொஞ்சம் இருந்தால், பங்குப் பக்கம் தாராளமாகப் போகலாம். போகத்தான் வேண்டும் என்பேன். வங்கி வட்டியை மட்டும் நம்பினால் விலைவாசி பாதியைத் தின்றுவிடும். ஆனால் ஒரே கம்பெனிப் பங்கு வேண்டாம். சந்தையின் சுழற்சி திரும்பி வரலாம். தனிக் கம்பெனி திரும்பி வர வேண்டும் என்று சட்டமில்லை. மூடிய சாயப்பட்டறைகள் எல்லாமா மறுபடி திறந்தன? பல கம்பெனிகளையும் சேர்த்து வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டு மாதிரி ஒன்று போதும்.

முழுச் சந்தையுமே நெடுநாள் படுத்த கதையும் உண்டு. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் தொட்ட உச்சியை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நாலு வருடம்! ஆகையால் எல்லாப் பணத்தையும் பங்கில் போடுகிறவனை நான் புத்திசாலி என்று சொல்லமாட்டேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

இறக்கமே இல்லாத முதலீடு?

"ரிஸ்கே வேண்டாம், மாதாமாதம் கேரண்டியாக வருகிறது" என்று ஒருவர் வருவார். பங்கு விழுந்து ஊர் பயந்திருக்கும் நேரத்தில் அவர் பேச்சு இன்னும் இனிக்கும். நம் திருப்பூரிலேயே 2008, 2009-ல் பாசி நிதி நிறுவனம் வசூலித்து மோசம் செய்த தொகை சுமார் 930 கோடி ரூபாய். 2022-ல் கோவை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு 27 வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. பக்கத்துப் பெருந்துறையில் 2012-ல் ஈமு கோழி. ஏறி இறங்குகிற முதலீடு தன் ரிஸ்கை முகத்தில் எழுதி வைத்திருக்கிறது. இறங்கவே இறங்காது என்கிற முதலீடு அதை ஒளித்து வைத்திருக்கிறது. எனக்கு இரண்டாவதைக் கண்டால்தான் பயம்.

இனி என் நண்பனின் ஆப்ஷனுக்கு வருகிறேன். ஆப்ஷனுக்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி தாண்டினால் அது வெறும் காகிதம். அதில் 'லாங் டெர்ம்' எங்கே இருக்கிறது? 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வுப்படி, மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே வருடத்தில் 31 சதவீதத்திலிருந்து 43 ஆக உயர்ந்திருக்கிறது. நம் வகுப்பில் நூறு பேர் பரீட்சை எழுதி 93 பேர் ஃபெயில் ஆனால் அந்தப் பேப்பரை யாராவது விரும்பி எடுப்பார்களா?

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

சென்ற ஆண்டு பேரவை விழாவில் ஒரு 'டிரேடிங் பயிலரங்கம்' நடந்தது. அரங்கு நிறைந்தது, கைதட்டல் பறந்தது. என் நண்பன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அடுத்த ஆண்டு அதற்குப் பதிலாக ஒரு மணி நேரம் வேறொன்று நடத்துங்கள். முதல் சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்ன, ஆறு மாதச் செலவு என்றால் எவ்வளவு. தபால் ஆபீஸிலிருந்து ஒருவர், வங்கியிலிருந்து ஒருவர், 2008-ல் விற்ற என் மாமா மாதிரி ஒருவர். மூன்று பேர் போதும். என் மாமாவை நானே அழைத்து வருகிறேன்.

நண்பனின் ஃபீஸுக்கு நாங்கள் ஒன்பது பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டோம். எனக்கு ஒரு மாதப் பகுதி நேர வேலைப் பணத்தில் பாதி அது. அவன் இப்போது சனி, ஞாயிறு செக்கிங் வேலைக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறான். போன வாரம் இருநூறு கொடுத்தபோது, "லாங் டெர்ம்ல குடுத்துருவேன்டா" என்றான். சிரித்துவிட்டோம். ஆனால் இந்தத் தடவை அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்துதான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
மூன்றாம் ஆண்டு மாணவன்,
ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு.